வடகடலோரத்தில் ஒரு வணிகர் பட்டினம்

உங்கள் வீட்டில் யாரேனும் வளைகுடாவுக்குச் சென்று வந்த சபுராளியாயின், அலமாரியின் மேல்தட்டில் வட்டமான நீலநிறத் தகர டப்பா ஒன்று இருக்கக்கூடும். அது வந்து சேர்ந்த நாளில் அதனுள்ளே வெண்ணெய் பிஸ்கட்டுகள் வெள்ளைக் காகிதக் கிண்ணங்களில் அடுக்கடுக்காய் இருந்தன. இன்றோ ஊசியும் நூல்கண்டும் அறுந்த பொத்தான்களும் அதில் குடியிருக்கின்றன. விருந்துக்கு வரும் பிள்ளைகள் ஆவலோடு திறந்து பார்த்து, முகம் சுருங்கி மூடிவைப்பது எல்லா ஊரிலும் நடக்கும் கூத்துதான். கடையநல்லூரிலும் தென்காசியிலும் நம் வீரகேரளம்புதூரிலும் இந்த டப்பாவைக் காணாத தெரு குறைவு. அதன் மூடியை ஒருமுறை திருப்பி வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டென்மார்க்' என்னும் நாட்டின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனைப் பற்றியே இக்கட்டுரை. ஐரோப்பாவின் வடகோடியில், பனிக்கும் காற்றுக்கும் நடுவே கிடக்கும் அந்நகருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு பிஸ்கட் டப்பாவோடு நின்றுவிடவில்லை. தஞ்சை நாயக்க மன்னர் தங்கத் தகட்டில் எழுதுவித்த தமிழ்க் கடிதம் ஒன்று இன்றும் அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாய் இருக்கிறது. அரபு நாட்டுக்குச் சென்ற ஓர் ஆய்வுக்குழுவின் உருக்கமான கதையும் அங்கேதான் தொடங்குகிறது. அந்நாட்டின் பெயரைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் ஒரு வேதனையும் உண்டு. அதையும் இங்கே ஒளிக்கப் போவதில்லை.

பெயரிலேயே பட்டினம்

குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் எங்கள் ஊர்ச் சிற்றாற்றில் உதிரும் ஓர் இலை, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலுக்குப் போய்க் கடலைக் காண்கிறது. அதற்கு அருகில்தான் நம் மரக்காயர்கள் கப்பலோட்டிய காயல்பட்டினம். கீழக்கரைக்கு அப்பால் அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் என்று கரை நெடுகப் பட்டினங்கள். பட்டினம் என்றால் வணிகர் கூடும் கடற்கரை ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். வியப்பு என்னவெனில், டேனிய மொழியில் கோபன்ஹேகன் என்னும் பெயருக்கும் ஏறத்தாழ அதே பொருள்தான்: வணிகர்களின் துறைமுகம்.

தொடக்கத்தில் அது மீன்பிடி ஊர். சீலாந்து என்னும் தீவின் கிழக்கோரத்தில், சுவீடனுக்கு எதிரே, ஊரெசுண்ட் என்னும் கடற்கால்வாயின் கரையில் அது அமைந்திருக்கிறது. பால்டிக் கடலுக்குள் செல்லும் கப்பல்களின் முதன்மையான வழி அது. 1167ஆம் ஆண்டில் அப்சலோன் என்னும் பேராயர் அங்கே ஒரு கோட்டையை எழுப்பினார் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அக்கோட்டையின் அடித்தளக் கற்களை, இன்றைய நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனையின் கீழே இறங்கிப் பார்க்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகர் அரசரின் தலைநகரமாயிற்று.

ஆயினும் இன்று நாம் காணும் பழைய கோபன்ஹேகனைக் கட்டியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், 1588 முதல் 1648 வரை அரசராயிருந்த நான்காம் கிறிஸ்டியனையே சொல்ல வேண்டும். ரோசன்போர்க் மாளிகை அவர் கட்டியது. வட்டக் கோபுரம் அவர் கட்டியது. வணிகர் கூடமும், கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்னும் கால்வாய்ப் புறநகரும் அவர் காலத்தவை. கட்டுவதில் தீராத மோகம் கொண்டவர். எங்கள் ஊரில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்ததால் தமிழில் நிலைத்தார். கிறிஸ்டியன் மன்னரோ கல்லாலும் செங்கல்லாலும் நிலைத்தார். இவ்வளவுக்கும் வேண்டிய பணத்தைத் தேடித்தான் அவருடைய கண் கிழக்கே திரும்பியது.

தங்கத் தகட்டில் தமிழ்

1616ஆம் ஆண்டில் அவர் ஆதரவில் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பெற்றது. 1618ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்து நான்கு வயதும் நிரம்பாத ஊவெ யெட்டெ என்பவரின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவர்கள் நாடி வந்தது தமிழகத்தை அன்று, இலங்கையை. கண்டி அரசரோடு உடன்படிக்கை செய்து இலவங்கப்பட்டை வாணிபத்தைக் கைக்கொள்ள நினைத்தார்கள். நெடும்பயணத்தில் நோயால் பலரை இழந்து 1620இல் இலங்கையை அடைந்தபோது, எண்ணியது கைகூடவில்லை.

இதற்கிடையில் முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பலைச் சோழமண்டலக் கரையருகே போர்த்துகீசியர் தாக்கி அழித்தனர். அதில் வந்த ரோலண்ட் கிராப்பெ என்பவர் சிலரோடு உயிர் தப்பித் தஞ்சையை அடைந்தார். அங்கே ஆண்டவர் இரகுநாத நாயக்கர். இசையிலும் இலக்கியத்திலும் தேர்ந்தவர். போர்த்துகீசியரை மட்டுமே நம்பியிராமல் வேறொரு கடல் வணிகரும் தம் நாட்டில் இருப்பது நல்லது என்று அவர் கருதினார் போலும். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆண்டுக் குத்தகைக்குத் தரங்கம்பாடி டேனியருக்குக் கிடைத்தது. டேனிய மன்னருக்கு நாயக்கர் அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில், தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டது. கடல் கடந்து போன அத்தகடு, இடையில் அந்நகரைத் தின்ற தீக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி, நானூறு ஆண்டுகளாக அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்து வருகிறது. நம் ஊர்களில் நூறாண்டுக்கு முந்திய வீட்டுப் பத்திரத்தைத் தேடினால் கரையானே விடையளிக்கிறது என்பதை எண்ணும்போது, அவர்களுடைய இந்தப் பேணும் குணத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

தரங்கம்பாடியில் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டையின் கதை தனி நூலாகும். அதில் ஒரு பகுதியை மட்டும் கேளுங்கள். டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கி வறுமையுற்றதால், 1639க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் புறப்படவில்லை. சம்பளமில்லை, கடிதமில்லை. ஒருவர் பின் ஒருவராய் மாண்டார்கள், அல்லது போனார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெ என்னும் எளிய குடியில் பிறந்த ஒரே டேனியர் எஞ்சினார். உள்ளூர் மக்களைப் படைவீரராய் வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்த அவர், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் கப்பல் வந்தபோது கோட்டைக் கொடி இறங்காமல் இருந்தது.

இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். அந்த ஆண்டுகளில் அவர்கள் வயிறு வளர்த்த வழிகளில் ஒன்று வங்கக் கடலில் கப்பல் பறிப்பு. மொகலாயரின் வங்காளத்தோடு பகை என்று அறிவித்துவிட்டு, அவ்வழியே சென்ற இந்திய வணிகரின் கப்பல்களைப் பிடித்தார்கள். அவற்றில் முஸ்லிம் வணிகரின் கப்பல்களும் இருந்தன. அதே டேனியர், மக்காஸரின் முஸ்லிம் சுல்தானுடைய துறைமுகத்தில் கடை திறந்து, நம் கரையில் நெய்த துணியைக் கொடுத்துக் கிராம்பு வாங்கி வந்ததும் உண்டு. வணிகமும் கொள்ளையும் ஒரே பாய்மரத்தில் பயணம் செய்த காலம் அது.

1706இல் டேனிய மன்னர் அனுப்பிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். 1713இல் அங்கே தமிழ் அச்சகம் இயங்கத் தொடங்கியது. அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்ப என்பது வெளிப்படை. எனினும் தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் யாரும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. நம் தமிழ் ஓலைச் சுவடிகள் பல இன்று கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கின்றன.

நகரைச் சுற்றி வருவோம்

இனி, நீங்கள் அந்நகருக்குப் போயிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வட்டக் கோபுரத்துக்கு வாருங்கள். 1642இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோபுரத்தில் மேலே ஏறும் வழியின் பெரும்பகுதியில் படிக்கட்டு இல்லை. உட்சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான். அதன் நீளம் 209 மீட்டர். பல்கலைக்கழகத்தின் வானாய்வுக் கூடம் உச்சியில் இருந்தது. 1716இல் ரஷ்ய மன்னர் பீட்டர் குதிரை மீதமர்ந்தே உச்சிவரை ஏறினார் என்பார்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களும் நின்று நின்று ஏறலாம். மேலே நின்றால் செந்நிற ஓட்டுக் கூரைகளும் பச்சை படர்ந்த செப்புக் கோபுரங்களும் கண்ணில் விரியும்.

அங்கிருந்து பார்க்கும்போது ஒரு கோபுரம் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகக்கூடும். வணிகர் கூடத்தின் உச்சியில், நான்கு வலுசர்ப்பங்களின் வால்கள் ஒன்றையொன்று முறுக்கி மேலெழுவதுபோல் 56 மீட்டர் உயரத்தில் ஒரு கூர்ங்கோபுரம் இருந்தது. தரங்கம்பாடிக்கு முதற்கப்பல்கள் சென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 2024 ஏப்ரல் 16 அன்று, பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றி, அக்கோபுரம் தெருவில் சாய்ந்தது. எரியும் கட்டடத்துக்குள்ளிருந்து ஊழியரும் வழிப்போக்கரும் பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொணர்ந்த காட்சியை உலகமே கண்டது. மீண்டும் கட்டுவோம் என்று அன்றே அறிவித்துவிட்டார்கள்.

தீ அந்நகருக்குப் புதிதன்று. 1728இல் மூண்ட பெருந்தீயில் பழைய நகரின் பாதிக்கு அருகில் சாம்பலாயிற்று. வட்டக் கோபுரத்தை ஒட்டிய பல்கலைக்கழக நூலகம் முழுவதும் எரிந்தது. 1795இல் மற்றொரு தீ. 1807இல் வந்தது மனிதர் மூட்டிய தீ. நெப்போலியன் கைக்கு டேனியக் கடற்படை போய்விடுமோ என்று அஞ்சிய ஆங்கிலேயர், எப்பக்கமும் சேராதிருந்த அந்நகர் மீது செப்டம்பர் 2 முதல் 5 வரை குண்டு பொழிந்தார்கள். அவற்றோடு கான்கிரீவ் ராக்கெட்டுகளும் வந்து விழுந்தன. அந்த ராக்கெட்டின் மூலம் எது தெரியுமா? மைசூரில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயரை நடுங்க வைத்த இரும்புக்குழல் ராக்கெட்டுகள்! 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றை எடுத்துச் சென்று ஆராய்ந்து, தங்கள் ஆயுதமாக்கிக்கொண்டார்கள் ஆங்கிலேயர். மைசூரின் அறிவு, அதைக் கண்டறிந்தவரை வீழ்த்தியவர் கையிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு நகரின் மீது பாய்ந்தது.

கால்வாயைக் கடந்து கிறிஸ்டியன்ஸ்ஹவ்னுக்குப் போனால் 'ஆசியச் சதுக்கம்' என்றொரு இடம் வருகிறது. 1732இல் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் பண்டகசாலை நீர்விளிம்பில் இன்றும் நிற்கிறது. இப்போது அங்கே வெளியுறவு அமைச்சகம் இயங்குகிறது. சீனத் தேயிலையே அக்கம்பெனியின் பெருஞ்செல்வம் என்றாலும், தரங்கம்பாடித் துணிப் பொதிகளும் மிளகும் இக்கம்பெனி வழியாக இந்நகருக்கு வந்தன. அரச குடும்பம் வாழும் அமாலியன்போர்க் மாளிகைகளின் நடுவே ஐந்தாம் பிரெடரிக் மன்னர் குதிரை மேல் வீற்றிருக்கும் சிலை உள்ளதல்லவா, அதற்குப் பணம் கொடுத்ததும் இக்கம்பெனியே. நண்பகல் 12 மணிக்கு அங்கே காவலர் மாறும் காட்சியைக் காணக் கூட்டம் கூடும்.

நியூஹவ்ன் என்னும் பழைய துறைக்கால்வாய் 1670களில் வெட்டப்பட்டது. இரு கரையிலும் மஞ்சள், சிவப்பு, நீலம் என வண்ண வீடுகள். நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையை எழுதிய ஆண்டர்சன் இக்கரையில் மூன்று வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தார். அவருடைய மற்றொரு கதையில் வரும் கடற்கன்னியின் சிலை துறைமுகப் பாறை ஒன்றின் மேல் 1913 முதல் அமர்ந்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற சிலை என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவது உறுதி. அதன் உயரம் 1.25 மீட்டர்தான். செய்வித்தவர் ஒரு மதுபான ஆலையின் அதிபர். நம் குடும்பங்கள் அதைத் தவறவிட்டாலும் பெரிய நட்டமில்லை. 1843இல் திறக்கப்பட்ட திவோலி கேளிக்கைப் பூங்காவைப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம் விட வியப்பளிப்பது துறைமுகத்து நீர். கழிவுநீரால் நாறிக்கிடந்த அத்துறையைப் பல ஆண்டுகள் பாடுபட்டுத் தூய்மை செய்து, 2002இல் நகரின் நடுவிலேயே மக்கள் குளிப்பதற்குத் திறந்துவிட்டார்கள். கப்பல் துறையில் குளிக்கிறார்கள்! குற்றாலத்தில் பளிங்காய் விழும் சிற்றாறு, ஊர் ஊராய்க் கடந்து வரும்போது எவ்வாறு ஆகிறது என்பதைக் கரையில் வாழும் நாம் அறிவோம்.

ஆறு பேர் போனார்கள், ஒருவர் திரும்பினார்

1761 ஜனவரியில் ஆறு பேர் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று கோபன்ஹேகனிலிருந்து அரபு நாட்டுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் மேலே சொன்ன ஐந்தாம் பிரெடரிக் மன்னர். யமனின் நிலம், செடிகொடி, மொழி, பழக்கவழக்கம் ஆகியவற்றை அறிந்து வருவதே நோக்கம். முதலில் இட்ட திட்டத்தின்படி அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்து, அங்கிருந்து அரபு நாட்டுக்குச் செல்வதாக இருந்தது. பின்னர் எகிப்து வழியே மாற்றப்பட்டது. குழுவில் மொழியறிஞர் வான் ஹாவன், தாவரவியலார் ஃபோர்ஸ்கோல், நிலப்படம் வரைவோரான கார்ஸ்டன் நீபூர், ஒரு மருத்துவர், ஓர் ஓவியர், ஒரு பணியாளர்.

புறப்படும் முன் மன்னர் அவர்களுக்கு எழுத்து மூலம் ஆணைகள் தந்தார். அவற்றில் ஒன்றை நாம் அனைவரும் அறிய வேண்டும். அரபு நாட்டு மக்களிடம் மிக்க பணிவோடு நடக்க வேண்டும். அவர்களுடைய மார்க்கத்தை மறுத்துப் பேசலாகாது. அதை இகழ்வதாகக் குறிப்பாலும் காட்டலாகாது என்பது அந்த ஆணையின் பொருள். 1760ஆம் ஆண்டில் ஒரு கிறிஸ்தவ மன்னர் இட்ட ஆணை இது.

1763 மே மாதம் மொக்காவில் வான் ஹாவன் காய்ச்சலில் இறந்தார்; ஜூலையில் யரீம் என்னும் ஊரில் ஃபோர்ஸ்கோல். மலேரியா என்று பின்னாளில் கண்டறியப்பட்ட நோய் அது. எஞ்சியோர் நோயோடு பம்பாய்க்குக் கப்பலேறினர். ஓவியரும் பணியாளரும் நடுக்கடலில் மாண்டனர். மருத்துவர் பம்பாயில் மறைந்தார். மீதமானவர் நீபூர் ஒருவரே. அவர் உள்ளூர் மக்களின் உடையை உடுத்து, அவர்கள் உண்பதை உண்டு, மஸ்கத், பாரசீகம், பஸரா, பக்தாத், மோசுல், அலெப்போ, இஸ்தான்புல் என்று பெரும்பாலும் தரைவழியே பயணம் செய்து 1767இல் கோபன்ஹேகனை அடைந்தார். அவர் வரைந்த யமன் நிலப்படம் நெடுங்காலம் உலகம் நம்பிய படமாயிருந்தது. பாரசீகத்தில் பெர்சிபோலிஸ் இடிபாடுகளில் அவர் பிழையின்றிப் படியெடுத்த ஆப்பெழுத்துகளைக் கொண்டே, பின்னர் 1802இல் அறிஞர் ஒருவர் அவ்வெழுத்தைப் படிக்கும் வழியைத் தொடங்கி வைத்தார். அவருடைய நூலில் அரபு மக்களைப் பற்றிய இகழ்ச்சியைக் காண்பது அரிது. அவர்களோடு ஒரே தட்டில் உண்டவர் அல்லவா? குழுவினர் வாங்கி அனுப்பிய கீழை மொழிக் கையெழுத்துப் பிரதிகள் அரச நூலகத்தில் இருக்கின்றன.

முஸ்லிம் ஒருவர் அந்நகரில் தவறாமல் காணவேண்டிய இடம் டேவிட் அருங்காட்சியகம். 1960இல் மறைந்த டேவிட் என்னும் வழக்கறிஞர் தம் இல்லத்திலேயே சேர்த்துவைத்த கலைப்பொருள்களில் தொடங்கியது. ஸ்பெயின் முதல் இந்தியா வரை ஆயிரம் ஆண்டு முஸ்லிம் கலையின் சாட்சிகள் அங்கே உள்ளன: குர்ஆன் ஏடுகள், நாணயங்கள், கண்ணாடி விளக்குகள், மட்கலங்கள், பட்டுத்துணிகள், மொகலாயர் காலத்து ஓவியங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மங்கிய ஒளியில், நாட்பட்ட தோலேட்டில் எழுதிய திருமறை வசனங்களின் முன்னே டேனியக் குழந்தைகள் ஆசிரியரோடு அமைதியாய் நிற்பதைக் காணலாம்.

அங்கே வாழ்வோர்

1960களின் பிற்பகுதியில் துருக்கி, பாகிஸ்தான், யூகோஸ்லாவியா நாடுகளிலிருந்து கூலிவேலைக்கு வந்த ஆண்கள்தாம் இன்றைய கோபன்ஹேகன் முஸ்லிம் சமுதாயத்தின் முன்னோடிகள். பிறகு போர்களால் வெளியேறிய அரபியரும் சோமாலியரும் போஸ்னியரும் சேர்ந்தனர். 1980களில் ஈழத்துத் தமிழர்களும் டென்மார்க்கில் அடைக்கலம் பெற்றார்கள். அவர்களில் பலர் தலைநகருக்கு அப்பால், யூட்லாந்து தீபகற்பத்து ஊர்களில் குடியமர்ந்தார்கள். நகரின் நோரெப்ரோ பகுதியில் ஹலால் கசாப்புக் கடைகளும் பேரீச்சம்பழக் கடைகளும் வரிசையாய் இருக்கின்றன. பள்ளிவாசல்கள் நெடுங்காலம் பழைய கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் இயங்கின. 2014இல் கத்தாரின் உதவியோடு ஹமத் பின் கலீஃபா நாகரிக மையமும் மினாராவுடன் கூடிய பள்ளிவாசலும் திறக்கப்பட்டன. அதற்கு முன்பே, 2006இல், நகரை அடுத்த புரோண்ட்பியில் முஸ்லிம்களுக்கென அடக்கஸ்தலம் அமைந்தது. புலம்பெயர்ந்தவர் ஒரு நாட்டைத் தம் நாடென்று ஏற்றுக்கொண்டதற்கு, பள்ளிவாசலை விட இதுவே உறுதியான அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே தொழுகை நேரம் பார்ப்பதே ஒரு கல்வி. ஜூன் பிற்பகுதியில் சூரியன் காலை 4.25 மணியளவில் உதித்து இரவு 10 மணிக்கு அருகில்தான் மறைகிறது. மறைந்த பின்னும் அந்தி வெளிச்சம் இரவு முழுவதும் வானில் தங்கிவிடுவதால், இஷாவுக்கும் ஸஹருக்கும் வேளை குறிப்பதில் உலமாக்கள் கலந்து பேசி ஒரு முறையை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2016 ரமலான் ஜூன் மாதத்தில் வந்தபோது நோன்பு பதினெட்டு மணி நேரத்தையும் தாண்டியது. டிசம்பரிலோ காலை எட்டரைக்கு மேல் விடிந்து பிற்பகல் 3.40க்குள் இருட்டிவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அலுவலகத்தில் வேலை செய்பவர் பாடு திண்டாட்டந்தான்.

இனி அந்த வேதனையைச் சொல்ல வேண்டும். 2005 செப்டம்பர் 30 அன்று டேனிய நாளேடொன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறித்து 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. முஸ்லிம் நாடுகளின் தூதுவர்கள் பதினொருவர் பிரதமரைச் சந்திக்க வேண்டினர், அவர் மறுத்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் உலகெங்கும் கொந்தளிப்பு. வளைகுடாக் கடைகளிலிருந்து டேனிய வெண்ணெயும் பாலாடையும் அகற்றப்பட்டன. நம் சபுராளிகளின் பெட்டிகளிலும் நீல டப்பா வராமற்போன காலம் அதுதான். அமைதியாய் நடந்த புறக்கணிப்பு அவர்களுடைய பால் பண்ணையாளர்களை உண்மையில் சிந்திக்க வைத்தது. தூதரகங்களுக்குத் தீ வைத்ததும் உயிர்கள் போனதும் எவருக்கும் எதையும் உணர்த்தவில்லை.

2023இல் கோபன்ஹேகன் தெருக்களில், தூதரகங்களின் முன்னே, திருக்குர்ஆனை எரிக்கும் இழிசெயல்கள் அடுத்தடுத்து நடந்தன. டேவிட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பேணப்படும் அதே வேதம்! அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று டேனிய நாடாளுமன்றம், சமய நூல்களைப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பேச்சுரிமைக்குக் கேடு என்று சிலரும், நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று சிலரும் கடுமையாக வாதிட்ட பின்னரே அது நிறைவேறியது. ஐந்தாம் பிரெடரிக் அந்தக் குழுவுக்கு ஆணை எழுதிக் கொடுத்து அப்போது 263 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோபன்ஹேகனுக்குச் செல்ல இயலாதவர்கள்

விசாவும் பயணச்செலவும் எல்லார்க்கும் கூடுவதன்று. ஆனால் டேனியரின் மற்றொரு பட்டினம் நமக்கு ஒரு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து தென்காசி வழியாக மயிலாடுதுறைக்கு விரைவு ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி. 1306ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சடங்கன்பாடி எனக் குறிக்கப்பெறும் ஊர் அது. 1845இல், வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் அதை விற்றுவிட்டு டேனியர் போனார்கள். அதன்பின் வணிகம் நாகப்பட்டினத்துக்கும் பிற துறைகளுக்கும் நகர்ந்துவிட, ஊர் உறங்கிப்போயிற்று. அந்த உறக்கமே அதன் பழமையைக் காத்தது எனலாம். 1792இல் கட்டிய நகர வாயிலைக் கடந்து இராஜ வீதியில் நடந்தால், இருபுறமும் டேனியர் காலத்து வீடுகள். வீதியின் முடிவில் கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை. உள்ளே சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் தரங்கம்பாடிக் குப்பங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின, கோட்டை நின்றது.

கோட்டை மதிலில் ஏறிக் கிழக்கே பாருங்கள். அங்கே துறைமுகம் எதுவும் இருக்காது, எப்போதுமே இருந்ததில்லை. கோபன்ஹேகனிலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டுக் காத்து நிற்க, நம் மீனவர்களே தைத்த படகுகளில் அலைகளைத் தாண்டிப் போய், சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தார்கள்.